பைபிஐ களஞ்சியத்தில் நூலகம் ஏற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள், தாங்கள் பைதான் மொழியில் எழுதிய நூலகங்களை (பிறர் தம் நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை), எவரும் இறக்கி நிறுவக்கூடிய பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ஏற்றுவதற்கு முன் என்னிடம் பார்க்கக் கொடுப்பதுண்டு. எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில் அவர்களும் விழுவதைப் பார்த்தே இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, மறந்த கடவுச்சொல் போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவற்றைக் களஞ்சியமே சொல்லிவிடும்.

பெயர்

நூலகத்தின் பெயரில் வரும் இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றும் பைபிஐக்கு ஒன்றே. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அப்படித்தான். ஒரு கோட்டை மாற்றிப் போட்டுப் பிறர் எடுத்த பெயரைப் பெற முடியாது.

சார்புநிலைகளை இறுக்கிப் பூட்டுவது

சார்புநிலை என்பது உங்கள் நூலகம் ஓடத் தேவைப்படும் பிற நூலகம். அதை ஒரே பதிப்பில் பூட்டுவதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது. செட்டிநாட்டு வீடுகளின் பழைய பேரேடுகளில் உள்ள தமிழ் எண்களை இன்றைய இலக்கங்களாக மாற்றும் நூலகம் ஒன்றை ஒரு மாணவர் எழுதியிருந்தார். ௨௰௩ என்று கொடுத்தால் 23 என்று தரும், நேர்த்தியான வேலை. ஆனால் நூலகங்களை நிறுவும் கருவியான பிப்பின் 'பிப் ஃப்ரீஸ்' கட்டளை, தம் கணினியில் நிறுவியிருப்பவற்றைக் கொட்டிய பட்டியலை முழுவதுமாகச் சார்புநிலைப் பகுதியில் ஒட்டியிருந்தார்: ஜூப்பிட்டர், மேட்பிளாட்லிப், நம்பை என வரிசையாக, ஒவ்வொன்றின் பின்னும் 'இந்தப் பதிப்பு மட்டுமே' என்று பூட்டும் இரட்டைச் சமக்குறியும் ஒரு பதிப்பு எண்ணும். அந்த நிரலுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. "என் கணினியில் ஓடுகிறதே, சார்" என்றார். ஓடத்தான் செய்யும், பட்டியலே அவருடைய கணினியிலிருந்து எடுத்ததுதானே.

அவதிப்படுபவர் அதை நிறுவுகிறவர். நம்பையின் வேறொரு பதிப்பைக் கேட்கும் நூலகம் ஒன்றையும் அவர் சேர்த்தே நிறுவினால், ஒரு பைதான் சூழலில் ஒரு நூலகத்துக்கு ஒரு பதிப்பே இருக்க முடியும் என்பதால், 2020 இறுதியில் வந்த 20.3 பதிப்பு முதல் பிப் 'தீர்வு காண இயலாது' என்று நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய பிப்போ முரண்பாட்டோடே நிறுவிவிட்டுப் போய்விடும். அது இன்னும் மோசம்.

பதிப்பு எண்ணைப் பூட்டுவது, ஒரே இடத்தில் ஓடும் செயலிக்கு உகந்தது. பிறருடைய நிரல்களுக்குள் போய்ச் சேரும் நூலகத்துக்கு, நீங்கள் சோதித்த மிகக் குறைந்த பதிப்பைக் கீழ் எல்லையாகக் குறித்தால் போதும். எந்தப் பதிப்பில் உடைகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே மேல் எல்லை வேண்டும். அந்த மாணவரின் பட்டியல் கடைசியில் காலியாயிற்று.

களஞ்சியத்தில் ஏற்றிய பிறகு இதைத் திருத்துவதும் எளிதன்று. சார்புநிலை விவரம், நூலகத்தைக் கட்டி ஏற்றும் கோப்பான பொதிக்குள்ளேயே இருக்கிறது. ஏற்றிய கோப்பை மாற்ற இயலாது. அழித்துவிட்டு அதே கோப்புப் பெயரில் மீண்டும் ஏற்றவும் பைபிஐ அனுமதிப்பதில்லை. பேரேட்டில் எழுதிய வரியைச் சுரண்டாமல் எதிர்ப்பதிவு போடுவதுபோல, புதிய பதிப்பு எண்ணில் திருத்திய பொதியை ஏற்றி, பழையதை 'யேங்க்' செய்ய வேண்டும், அதாவது பொதுவாக நிறுவுவோருக்குப் போகாதபடி விலக்கிக் குறிக்க வேண்டும். அதன் பிறகும், பழைய பதிப்பை இரட்டைச் சமக்குறியிட்டுக் கேட்பவருக்கு பிப் அதையே எடுத்துக் கொடுக்கும். பூட்டியவர் பூட்டியபடியே இருப்பார்.

பொதியைத் திறந்து பாராமை

பொதியின் வழக்கமான வடிவமான வீல் கோப்பு என்பது ஜிப் கோப்புதான், திறந்து பாருங்கள். அதே நூலகத்தின் எண் அட்டவணை இருந்த ஜேசன் தரவுக் கோப்பு பொதியில் சேரவே இல்லை. திட்டக் கோப்புறைக்குள் இருந்தே சோதித்ததால், பைதான் நிறுவிய பிரதியை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த மூலத்தை எடுத்துக்கொண்டது; குறை வெளியே தெரியவில்லை. வேறெதுவும் நிறுவாத புதிய மெய்நிகர் சூழலில் வீலை நிறுவி, வேறு கோப்புறையிலிருந்து இயக்கிப் பார்த்திருந்தால் முதல் வரியிலேயே பிழை வந்திருக்கும்.

டோக்கன்

பைபிஐயில் ஏற்றக் கடவுச்சொல்போலப் பயன்படும் ரகசியச் சரமான டோக்கன் பொதிக்குள் போய்விட்டால், முதலில் அதை ரத்து செய்யுங்கள். பொதியை அழிப்பது பிறகு. அதற்குள் பிரதிகள் வேறு வழங்கிகளுக்குப் போயிருக்கும்.

உரிமம்

எந்த உரிமமும் குறிப்பிடவில்லையென்றால், உங்கள் நூலகத்தைத் திருத்திப் பகிரும் உரிமை பிறருக்கு இல்லை.