மலைப்பாதைக்குக் கிளம்பும் முன் வண்டியைப் பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

போடியிலிருந்து போடிமெட்டு வரை நல்ல தார்ச்சாலைதான். கொச்சி–தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85-இல் 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். அதைத் தாண்டி இடுக்கிப் பக்கத்து எஸ்டேட் கல் ரோட்டில் சக்கரம் வைப்பதற்குள்ளேயே இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாம் சூடேறிக் கிடக்கும். குமுளி வழியாகப் போனாலும் கம்பம்மெட்டு வழியாகப் போனாலும் கதை இதேதான். நம் ஆட்கள் செய்யும் பரிசோதனையோ, வீட்டு வாசலில் சிமென்ட் தரையில், இன்ஜின் ஆறிய நிலையில், ஒரு மூட்டைகூட ஏற்றாத வண்டியைச் சுற்றிவந்து டயரை ஓர் உதை விட்டுப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. பலவீனமான சாமான் எதுவும் அந்த நிலையில் வாய் திறக்காது. சூடாகி, சுமை ஏறி, அடிப்பகுதி முறுக்கிக்கொள்ளும்போதுதான் அது பேசும். அப்போது நீங்கள் ஏலத்தோட்டத்துக்கு நடுவில் நிற்பீர்கள்.

முதல் நாள் ராத்திரி பார்ப்பது

இதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். சனிக்கிழமை ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, முன்பக்க ஆக்ஸில் பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருப்பதைக் கண்டுபிடித்து என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. "பரவாயில்லை, போய்ட்டு வந்து மாத்திக்கலாம்" என்றுதான் வாய் சொல்லும். கிழிந்த பூட்டுக்குள் சேறும் மணலும் புகுந்தால் கிரீஸ் அரைக்கும் பொடியாக மாறிவிடும். சில நூறு ரூபாய் பூட்டோடு போக வேண்டிய செலவு முழு ஷாஃப்டில் போய் முடியும்.

குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் பாருங்கள். சாமானை மாற்றிய பிறகு 100 கிலோமீட்டராவது ஊருக்குள் ஓட்ட வேண்டும். புதிதாகப் போட்ட பிரேக் பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும், கழற்றி மாட்டிய வீல் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டும். அலாய் வீல் என்றால் இதைத் தவறவே விடக்கூடாது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்து இறுக்குவதும் தவறு. ஸ்டட் நீண்டு பலமிழக்கும், பஞ்சரான நேரத்தில் நட்டு வரவும் வராது.

டயரில் காற்றை மட்டும் பார்ப்பது

காற்றைத் தாண்டிப் பார்ப்பவர்களும் டயரில் பட்டன் (தரையில் படும் கட்டைகள்) தேய்மானத்தைத்தான் பார்க்கிறார்கள். சட்டப்படி கார் வகைக்கு 1.6 மி.மீ. ஆழம் போதும், சேற்றுக்கு அது போதவே போதாது. ஆனால் கல் ரோட்டில் டயர் சாவது பெரும்பாலும் பட்டனில் இல்லை, பக்கச் சுவரில். எனவே நான்கு டயரின் வெளிப்புறத்தோடு உட்புறச் சுவரையும் பாருங்கள். வண்டிக்கு அடியில் தலையை விட்டால்தான் அது தெரியும். வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள்; அந்த டயர் மலைக்கு ஆகாது. பக்கச் சுவரில் பஞ்சர் போட்ட டயரும் அப்படித்தான். சுவரில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் புதிதுபோல் இருந்தாலும் ரப்பர் காய்ந்து, சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் மாற்றுவதே மேல்.

கல் ரோட்டில் பிடிமானத்துக்காகக் காற்று இறக்குவதில் இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மலை ஏறி வந்த டயர் சூடாக இருக்கும். காலையில் 32 பிஎஸ்ஐ வைத்தது 35, 36 காட்டும். அந்தச் சூட்டில் கல் ரோட்டுக்காக 20-க்கு இறக்கிவிட்டு, ராத்திரி தேவிகுளம் பக்கத்துக் குளிரில் வண்டியை நிறுத்தினால், விடியும்போது அது 17-க்கு வந்திருக்கும். பீட் லாக் (டயர் ஓரத்தை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத சாதாரண ரிம்மில், முழுச் சுமையோடு, கூர்மையான கல்லில் 17 என்பது டயர் ரிம்மை விட்டு நழுவுவதற்கு அழைப்பிதழ் வைப்பதுபோல. சூடான டயரில் 22, 23-இல் நிறுத்திவிட்டு, ஆறியபின் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். வீட்டில் பார்த்த அதே காற்றுமானியையே எடுத்துப் போங்கள். இரண்டு மானி ஒன்றுபோல் காட்டுவது அபூர்வம்.

திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்று ஏற்ற கம்ப்ரசர் வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் வகை என்றால் நேரம் பார்த்து ஃபியூஸைப் பறிக்கும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையே உருப்படியானது. ஸ்டெப்னியை மறக்காதீர்கள்: காற்று, அளவு, அதைப் பிடித்திருக்கும் நட்டு கழல்கிறதா என்பது மூன்றையும் பார்க்க வேண்டும். நான்கு டயரும் பெரிதாக மாற்றிவிட்டு ஸ்டெப்னியை மட்டும் பழைய அளவில் வைத்திருப்பவர்கள், ஃபோர் வீல் போட்டால் இரு சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடி டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) பிடித்து முறுக்கும் என்பதை யோசிப்பதில்லை. கம்பெனி கொடுத்த ஜாக்கி, உயரம் கூட்டிய வண்டிக்கு எட்டாமலும் போகலாம். வீட்டிலேயே, சாமான் ஏற்றிய வண்டியில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். சேற்றில் ஜாக்கி புதையாமல் இருக்க ஓரடிச் சதுரமும் 18 மி.மீ. கனமும் உள்ள பிளைவுட் துண்டு ஒன்று போதும்.

அடியில் படுத்துப் பார்க்காமல் விடுவது

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின். இடமும் வலமும் பிடித்து அசைத்து ஆட்டம் வந்தால் டை ராட் எண்ட் பக்கம் போங்கள். ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லி, ஒவ்வொரு ஜாயின்ட் மேலும் விரலை வைத்துப் பார்த்தால் எது தளர்ந்தது என்பது விரலுக்கே தெரியும்.

அடுத்து புரொப்பெல்லர் ஷாஃப்ட். கையால் பிடித்து இரு பக்கமும் திருப்பும்போது யு ஜாயின்ட் கிராஸில் 'டக்' என்று சத்தம் வரக்கூடாது. சத்தம் இல்லாவிட்டாலும் கிராஸின் கப்பைச் சுற்றிப் பாருங்கள்: செங்கல்பொடி நிறத்தில் துரு தூவியிருந்தால், உள்ளே ஊசி பேரிங்குகள் கிரீஸ் இல்லாமல் அரைபடுகின்றன. ஊருக்குள் அது இன்னும் ஆறு மாதம் ஓடலாம். லோ கியரில் பாறைமேல் ஏறும்போது டார்க் பல மடங்காகும், அங்கே ஒரே அடியில் போய்விடும். கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் நாலு முனையிலும் பிதுங்கி வரும்வரை கன் அடியுங்கள். மூன்று முனையில் மட்டும் வந்தால் நாலாவதில்தான் வம்பு.

பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய கமாண்டர், மேஜர், ஜிப்ஸி வகைகளில் ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். குறுக்கே மெல்லிய துருக் கோடு ஓடினால் அது விரிசல். பட்டைக்கும் பட்டைக்கும் இடையில் பளபளப்பான ஒரு பட்டி புதிதாகத் தெரிந்தால், பட்டை நகர்ந்திருக்கிறது, சென்டர் போல்ட்டைச் சந்தேகப்படுங்கள். சேஸிஸின் ஒரே மாதிரியான இரு புள்ளிகளிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு இரு பக்கமும் டேப் வைத்து அளந்தால், ஆக்ஸில் நகர்ந்திருப்பது அரைநிமிடத்தில் தெரிந்துவிடும். யு போல்ட் நட்டுகளைச் சுமை ஏற்றிய நிலையிலேயே இறுக்க வேண்டும்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்து பிரேக் ஹோஸ் பைப்பைப் பார்க்கத் தவறுகிறார்கள். நேராக நிற்கும்போது நன்றாக இருக்கும் ஹோஸ், முழுத் திருப்பத்தில் டயரில் உரசியிருக்கும். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியில், ஆக்ஸில் தொங்கும்போது ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இறங்குவதற்கான பிரேக்

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறினால் அந்தத் தரத்தின் கீழ் எல்லை 155 டிகிரி. வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். கிண்ணத்தில் அளவு சரியாக இருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது. இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பேட் 3 மி.மீ.-க்குக் கீழே என்றால் அதையும்.

இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவு. ஹேண்ட் பிரேக்கைச் சரிவில், சுமையோடு சோதிக்க வேண்டும். சமதளத்தில் லிவர் இறுகுவதை வைத்து முடிவுசெய்வதில் அர்த்தமில்லை.

டிஃபரென்ஷியல் மூச்சுக்குழாய்

மிகக் குறைவாகப் பேசப்படுவது இது. மலை ஏறி வந்த டிஃபரென்ஷியலில் ஆயிலும் காற்றும் சூடாக விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த ஓடைக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். ஆக்ஸில் மேல் இருக்கும் பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால், இழுக்க வழி ஆயில் சீல் மட்டும்தான். அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். பிரீதர் குழாய் அறுந்து தொங்கினாலோ நேராகவே குடிக்கும். எனவே முனையைக் கழற்றி ஊதிப் பாருங்கள், குழாயை இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுவந்து கிளிப் போடுங்கள். புதிய மஹிந்திரா தார் ஜீப்புக்கு 650 மி.மீ. ஆழத் தண்ணீர் வரை போகலாம் என்று நிறுவனம் சொல்வது சீல்களும் பிரீதரும் ஒழுங்காக இருக்கும் வண்டிக்குத்தான்.

ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் ஏற்கெனவே புகுந்துவிட்டது. பயணம் முடிந்து வந்த பிறகும் இதே சோதனை வேண்டும். ஒரு விஷயம்: டிரெயின் பிளக்கைக் கழற்றும் முன் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆயிலை வடித்த பிறகு ஃபில்லர் துருப்பிடித்து வராமல் நின்ற வண்டிகள் பல.

ஃபோர் வீல் வேலை செய்யும் என்று நம்புவது

மாதக்கணக்கில் தொடாத டிரான்ஸ்ஃபர் லிவர் சரியான நேரத்தில் மாட்டிக்கொள்ளும். கிளம்பும் முன், தார்ச்சாலையில் அல்லாமல் உழுத மண்ணிலோ ஆற்று மணலிலோ சோதியுங்கள். பிடிமானமுள்ள தரையில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொள்ளும். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து லோ ரேஞ்ச் போடுங்கள். வெளியே ஒருவர் நின்று முன்சக்கரம் இழுக்கிறதா என்று பார்க்கட்டும். டேஷ்போர்டில் விளக்கு எரிவது சாட்சி ஆகாது. முழுத் திருப்பத்தில் 'டக் டக்' என்றால் சிவி ஜாயின்ட்.

கிளட்சுக்கு ஓர் எளிய சோதனை: ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் மெல்ல கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமினால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், அதுவே பிளேட்டைக் கொல்லும்.

புதிய டீசல் வண்டிகளும் ஏர் ஃபில்டரும்

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. நாள் முழுவதும் முதல் கியரில் ஊர்ந்தால் கரி சேரும், எரிந்து சுத்தமாகாது. எனவே ஏற்கெனவே பாதி நிறைந்த நிலையில் மலைக்குப் போகக்கூடாது. முதல் நாள் தேனி நெடுஞ்சாலையில் 20, 25 நிமிடம் சீரான வேகத்தில் நிற்காமல் ஓட்டிவிடுங்கள். டீசல் ஃபில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் வெயில் காலத் தூசியைக் குடித்த ஏர் ஃபில்டர், மேலே சாரலில் நனைந்தால் மாவுக் கட்டியாகும். வெளியிலிருந்து அதிவேகக் காற்று அடித்தால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும். உள்ளிருந்து வெளியே, மெல்ல அடிக்க வேண்டும். ஃபில்டரைவிட முக்கியம் அதற்குப் பின்னால் இன்ஜின் வரை போகும் ரப்பர் குழாயும் கிளிப்புகளும். அங்கே ஓட்டை இருந்தால் ஸ்நார்க்கல் (கூரை உயரத்திலிருந்து இன்ஜினுக்குக் காற்று எடுக்கும் குழாய்) வெறும் அலங்காரம்.

பேட்டரிக்கு 12.6 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கை, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பை அசைத்துப் பார்ப்பதில்லை. குலுக்கலில் பேட்டரி நகர்ந்து முனை பானட்டில் பட்டால் தீ.

இழுக்கும் சாமான்

முன்னால் தெரியும் மெல்லிய வளையங்கள் பல வண்டிகளில் லாரியில் ஏற்றும்போது கட்டிவைக்கத்தான், இழுவைக்கு அல்ல. டோ பந்தில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) ஒருபோதும் மாட்டாதீர்கள், அறுந்தால் பீரங்கிக் குண்டுதான். சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கி, 4.75 டன் ஷேக்கிள் (பின் போட்டு மூடும் இணைப்பு வளையம்) இரண்டு, நீளும் தன்மை உள்ள ஸ்ட்ராப், இவை போதும். ஷேக்கிள் பின்னை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். இல்லையென்றால் இழுத்த பிறகு கழற்ற முடியாது.

எல்லை தாண்டும் வண்டியில் காப்பீடு, புகைச் சான்று எல்லாம் நடப்பில் இருக்கட்டும். எஸ்டேட் வழிகள் தனியார் சொத்து, காட்டு வழிகள் வனத்துறையுடையவை. அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கொழுக்குமலை பார்க்க ஆசை என்றால் சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப் எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் எந்த கியரில் இறக்குகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாக, மெட்டில் டீக்கு நிறுத்தும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சக்கர நடுவுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகம் தகித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. கிளட்ச் வாடை, அடியில் சொட்டு, கூலன்ட் கிண்ணத்தின் அளவு இவற்றையும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள். ஏதாவது சரியில்லை என்று பட்டால், வண்டியைத் திருப்ப அகலமான இடம் இருப்பது அங்கேதான்.