ஸ்ப்ளிட்டர் வேறு, டீமக்ஸ் வேறு: ஃபைபரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடி பக்கம் ஒரு லைன். ஒரே ஃபைபரில் (ஒளி போகும் கண்ணாடி இழை) 1511, 1531, 1551, 1571 நானோமீட்டர் என நான்கு அலைநீளங்களை மக்ஸ் என்கிற இணைப்புக் கருவி வைத்துச் சேர்த்து அனுப்பினோம். மறுமுனையில் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டர் மைனஸ் 8 டிபிஎம் காட்டியது. நல்ல அளவுதான், ஆனால் ஒரு லிங்க்கூட வரவில்லை. ஒளியை அனுப்பி வாங்கும் சின்ன மாட்யூலான எஸ்எஃப்பி-யை மாற்றினோம், அதை இணைக்கும் குட்டை கேபிளான பேட்ச் கார்டை மாற்றினோம். ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தால், டீமக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு நான்கு ஸ்ப்ளிட்டர்!

வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். செய்கிற வேலை வேறு. கல்லணையில் வருகிற தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் போகிறது. எதில் அள்ளினாலும் அதே தண்ணீர், அளவுதான் குறைவு. ஸ்ப்ளிட்டரும் அப்படித்தான். நான்கு வழியிலும் நான்கு அலைநீளமும் கலந்தே போகும். ஒவ்வொன்றிலும் 7 டெசிபல் அளவுக்கு இழப்பு வேறு. டீமக்ஸ் அப்படியில்லை. ஒரே லாரியில் வந்த ஏடிடி 36, ஏடிடி 43, பொன்னி நெல் மூட்டைகளை ரகம் பார்த்துத் தனித்தனியாக இறக்குவது போல, அந்தந்த அலைநீளத்தை அந்தந்த வழியில் விடும். சாதாரண எஸ்எஃப்பி-யின் ரிசீவருக்கு இந்த ரகம் பிரிக்கத் தெரியாது. வந்த ஒளி எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி, குழம்பி நிற்கும்.

மீட்டரும் அன்று எங்களை ஏமாற்றியது. சாதாரண பவர் மீட்டர் எல்லா அலைநீளத்தையும் கூட்டித்தான் காட்டும். மைனஸ் 8 என்றால் ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 14-தான். அதனால் ஒவ்வொரு எஸ்எஃப்பி-யாகப் போட்டு அளந்து பாருங்கள்.

பழைய கேபிளில் 1391 நானோமீட்டர் அலைநீளச் சேனலைப் போடாதீர்கள். கண்ணாடிக்குள் தங்கிய ஈரத்தின் மிச்சம் 1383-ஐச் சுற்றி ஒளியைக் குடித்துவிடும். ஜி.652டி வகை ஃபைபர் என்றால் அந்தக் கவலை இல்லை. பச்சை கனெக்டரை நீலத்தோடு சேர்ப்பதும் கூடாது. பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வு, இரண்டும் பொருந்தாது.

கடைசியாக வளைவு. 2018 கஜா புயலுக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய கேபிள்கள் பல இடங்களில் கம்பத்தில் இறுக்கிச் சுருட்டியபடியே கிடக்கின்றன. 1310-ல் சோதித்தால் குறை தெரியாது. அலைநீளம் கூடக்கூட வளைவில் ஒளி அதிகமாகக் கசியும். அதனால் 1550-லும் ஒரு தடவை கட்டாயம் அளந்துவிட்டுக் கம்பத்திலிருந்து இறங்குங்கள்.