நாயின் கண்ணில் மீண்டும் மீண்டும் பீளை கட்டினால்

சொட்டு மருந்து விட்டால் ஒரு வாரம் கண் தெளிவாக இருக்கிறது, நிறுத்தியதும் மறுபடி பீளை கட்டுகிறது என்ற நிலை இரண்டாவது முறையாக வந்துவிட்டால், அதே மருந்தை மூன்றாம் முறை வாங்காதீர்கள். நாய்களின் கண்ணில் கிருமித்தொற்று பெரும்பாலும் தனித்து வருவதில்லை. கண்ணீர் வறண்டதாலோ, இமை உட்பக்கம் மடிந்ததாலோ, இடம் மாறி முளைத்த மயிர் உரசுவதாலோ ஏற்கெனவே நலிந்திருக்கும் கண்ணில்தான் அது வந்து தங்குகிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கிருமியை மட்டும் விரட்டினால் அது திரும்பி வரத்தான் செய்யும்.

மருத்துவரிடம் போவதற்கு முன் சில நாட்கள் உற்றுக் கவனியுங்கள். ஒரு கண்ணிலா இரண்டிலுமா, பீளை நீர்போல வழிகிறதா, நூல் இழுப்பதுபோல் கெட்டியாக ஒட்டுகிறதா என்று குறித்துக்கொண்டு, தினமும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஆனால் நாய் கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்கிக்கொண்டாலோ, கருவிழி நீலம் பாய்ந்து மங்கினாலோ, விழி பெருத்துத் தெரிந்தாலோ, சுவரில் முட்டிக்கொண்டாலோ கவனித்துக்கொண்டிருக்க நேரமில்லை. கண்ணின் உள்ளழுத்தம் திடீரென உயர்ந்திருந்தால் ஓரிரு நாளிலேயே பார்வை நிரந்தரமாகப் போய்விடும் என்பதால், அன்றைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவரிடம் நீங்களாகவே கேட்க வேண்டிய சோதனைகள் மூன்று. முதலாவது, கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கும் ஷிர்மர் சோதனை. மெல்லிய காகிதப் பட்டை ஒன்றின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, ஒரு நிமிடத்தில் ஈரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஏறினால் சுரப்பு போதுமானது. 10-க்கும் கீழே நின்றுவிட்டால் வறட்சி என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். வேறெந்தச் சொட்டும் விழுவதற்கு முன்பே இதைச் செய்தால்தான் அளவு சரியாக இருக்கும். இரண்டாவது, ஃப்ளோரெசின் சாயம். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் மட்டும் நீல ஒளியில் பச்சையாக மின்னும்; அதே சாயம் சற்று நேரத்தில் மூக்குத் துவாரத்தில் எட்டிப் பார்த்தால் கண்ணீர்க் குழாய் அடைபடவில்லை என்பதும் தெரிந்துவிடும். மூன்றாவது, கண் அழுத்தத்தை அளப்பது.

சாயச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. சிவப்பைச் சட்டென்று தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு, கருவிழியில் புண் உள்ள கண்ணில் விழுந்தால் புண் ஆறாமல் ஆழமாகி, விழியே கிழிந்துபோகும் அபாயம் உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான சொட்டு மருந்தை எடுத்து விடக்கூடாது என்பதும் இதனால்தான்.

கெட்டியான பீளை மாதக்கணக்கில் ஓயாத நாய்களில், குறிப்பாக பக், ஷிட்சூ, காக்கர் ஸ்பானியல், புல்டாக் போன்ற இனங்களில், முதலில் சந்தேகிக்க வேண்டியது கண் வறட்சி. உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குவது இதற்குப் பெரும்பாலும் காரணம். சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி மருந்துகள் சிலவற்றாலும் இது வரலாம். சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் என்ற கண் மருந்து அந்தத் தாக்குதலை அடக்கிச் சுரப்பை மீட்கும் என்றாலும், பலன் தெரிய ஆறேழு வாரங்கள்கூட ஆகலாம். பத்து நாளில் மாற்றமில்லை என்று கைவிட்டுவிடுபவர்களின் நாய்களுக்காக எனக்கு மனம் வலிக்கிறது. கண்ணின் மூலையில் செந்நிறச் சதை பிதுங்கும் செர்ரி ஐ வந்தால், அதை வெட்டி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். அதுவும் கண்ணீர்ச் சுரப்பிதான். பழைய இடத்தில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உள்மடிந்த இமையையும் உரசும் மயிரையும் சரிசெய்யப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

மருந்து விடுவதற்கு முன், கொதிக்கவைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணித்துண்டை மூடிய இமைமேல் அரை நிமிடம் வைத்து, ஊறிய பீளையை மெல்லத் துடைத்தெடுங்கள். ஒரு கண்ணுக்கு வைத்த துண்டு மற்றதற்கு வேண்டாம். நாயை உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, ஒரு கையால் தாடையை நிமிர்த்தி, மருந்துப் புட்டி பிடித்த கையை அதன் நெற்றியில் ஊன்றிக்கொண்டு, அதே கையின் விரலால் மேல் இமையை உயர்த்தினால், புட்டி எதிரே வருவது தெரியாமலே சொட்டு விழுந்துவிடும். புட்டியின் நுனி கண்ணில் படக்கூடாது. இரண்டு மருந்துகள் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி விட்டு, சொட்டை முதலிலும் களிம்பைக் கடைசியிலும் இடுங்கள். காலால் கண்ணைச் சொறியும் நாய்க்குக் கழுத்துக் கூம்பு மாட்டிவிடுங்கள்.

பீளை நின்று கண் பளிச்சென்று தெரிந்தபின்பும், வறட்சிக்கான மருந்தை உங்கள் முடிவில் நிறுத்தாதீர்கள். பல நாய்களுக்கு அது ஆயுள் முழுவதும் தேவைப்படும். மறுபடி காகிதப் பட்டையை வைத்து அளந்து பார்த்த பிறகே, வேளையைக் குறைக்கலாமா என்பதை மருத்துவர் சொல்ல முடியும்.