புசூக்கியில் ஹிட்சாஸ் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்க நகர்ப்புற நாட்டார் இசையான ரெபெட்டிகோவில் ஒரு சுர அமைப்பை ‘த்ரோமோஸ்’ என்று அழைக்கிறார்கள். அச்சொல்லுக்குத் தெரு, வழி என்று பொருள். 1922-23ஆம் ஆண்டுகளில் ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) அகதிகளாக வந்தவர்கள் தங்களுடன் கொண்டுவந்த மகாம் என்னும் இராக மரபும், கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் புழங்கிய புசூக்கி என்னும் நீண்ட கழுத்துத் தந்திக் கருவியின் வாசிப்பும் கலந்து உருவான வழிகள் இவை. அவற்றுள் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது ஹிட்சாஸ். அதை ஏறி இறங்கும் படிக்கட்டாக மட்டும் எடுத்துக்கொள்வதிலிருந்துதான் ஏனைய தவறுகள் பெரும்பாலும் கிளைக்கின்றன.

மூன்று சோடித் தந்திகள் கொண்ட பழைய வகைப் புசூக்கியை, மேற்கத்திய சுரப்பெயர்களில், டி-ஏ-டி என்று சுருதி சேர்ப்பார்கள். முதல் சோடியில், அதாவது மேல் டி தந்தியில், திறந்த தந்தியிலிருந்து தொடங்கி 1, 4, 5, 7, 8, 10, 12 ஆகிய மெட்டுகளை (கருவியின் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளை) அழுத்தினால் டி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி, மீண்டும் டி என ஹிட்சாஸ் கிடைத்துவிடுகிறது (ஃபிளாட் என்றால் அரைச்சுரம் தாழ்ந்தது, ஷார்ப் என்றால் அரைச்சுரம் உயர்ந்தது). பலரும் இந்த எண்களை மனப்பாடம் செய்து வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, வழி கைவந்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். ஹிட்சாஸின் குணம் எண்களில் இல்லை, எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. மேற்கத்திய இசை பழகியவரின் விரல் ஐந்தாம் சுரமான ஏயில் ஓய்வெடுக்க விரும்பும். ஹிட்சாஸில் இடைத்தங்கலாகப் பெரிதும் அமைவதோ நான்காம் சுரமான ஜி. அங்கே நின்று, சுற்றியுள்ள சுரங்களைத் தொட்டு, பிறகு எஃப் ஷார்ப், ஈ ஃபிளாட் வழியாக டிக்கு இறங்கும்போதுதான் அந்த வழியின் முகம் தெரிகிறது. ஆறாம் சுரத்தையும் கல்லில் பொறித்ததுபோல் கருத வேண்டியதில்லை: இசைவரி மேலே ஏறும்போது பல இடங்களில் 9ஆம் மெட்டில் உள்ள பி வரும், இறங்கும்போது 8ஆம் மெட்டின் பி ஃபிளாட் திரும்பிவிடும். தாளமின்றி வாசிக்கப்படும் ‘தக்சிமி’ என்னும் முன்னுரைப் பகுதியைக் கவனமாகக் கேட்பவருக்கு இந்த நடமாட்டம் எளிதில் பிடிபடும். அதைப் பாட்டுக்கு முந்தைய அலங்காரம் என்று தாண்டிச் செல்பவர் ஒரு நல்ல ஆசிரியரையே தாண்டிச் செல்கிறார்.

கர்நாடக இசை தெரிந்த தமிழர்களுக்கு இன்னொரு இடறல் காத்திருக்கிறது. ஹிட்சாஸின் சுரஸ்தானங்கள் 14ஆவது மேளகர்த்தாவான வகுளாபரணத்தோடு ஒத்துப்போகின்றன. நினைவில் இருத்திக்கொள்ள இந்த ஒப்புமை உண்மையிலேயே உதவும். ஆனால் அதைத் தொடர்ந்து கமகங்களும் விரலுக்குள் நுழைந்துவிடும். புசூக்கியில் சுரங்கள் தெளிவாக, தனித்தனியாக ஒலிக்க, நீண்ட சுரங்களை மீட்டுகோலின் விரைந்த மேல்-கீழ் அசைவால் தொடர்வார்கள். ரிஷபத்தை அசைக்கும் பழக்கத்தைச் சிறிது காலம் ஒதுக்கி வைப்பதே நல்லது.

துணை வாசிப்பில் அடிக்கடி கேட்கும் பிழை, பாட்டு டியில் முடிகிறது என்பதற்காக அதற்கு முன் ஏ செவன்த் கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டை) வைப்பது. அந்தக் கார்டுக்குத் தேவையான ஈ, சி ஷார்ப் இரண்டுமே ஹிட்சாஸில் இல்லை. சி மைனரிலிருந்தோ ஈ ஃபிளாட் மேஜரிலிருந்தோ டி மேஜருக்கு வந்து முடிப்பதே இவ்வழிக்கு இயல்பானது. இடையில் ஜி மைனர் தாராளமாகப் பொருந்தும்.

கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தந்தியின் அதிரும் நீளம் 67 செ.மீ. உள்ள கருவியில் முதல் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. தூரம் இருக்கிறது. ஈ ஃபிளாட்டிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு விரலை அவ்வளவு விரித்து முதல் நாளிலேயே மணிக்கணக்கில் பழகுபவர் மணிக்கட்டை வருத்திக்கொள்கிறார். அதே பகுதியை 12ஆம் மெட்டிலிருந்து தொடங்கினால், 13க்கும் 16க்கும் இடையே 5 செ.மீ. மட்டுமே. அங்கே பழகிவிட்டுச் சில வாரங்களில் கீழே இறங்கி வரலாம். கிதார் வாசித்தவர்கள் ஒரே இடத்தில் கையை நிறுத்தி, தந்திகளுக்குக் குறுக்காகச் சுரங்களைத் தேடுவார்கள். புசூக்கிக் கலைஞர் மனோலிஸ் கியோட்டிஸ் 1950களில் பரவச் செய்த நான்கு சோடிக் கருவி சி-எஃப்-ஏ-டி என, கிதாரின் மேல் நான்கு தந்திகளை ஒரு முழுச்சுரம் இறக்கியது போன்ற சுருதியில் இருப்பதால் அந்தப் பழக்கம் அதில் ஓரளவு செல்லும். மூன்று சோடிக் கருவியிலோ இசைவரியை ஒரே தந்தியில் நீளவாக்கில் நகர்த்தி, மற்றவற்றைத் திறந்தபடி ஒலிக்கவிடுவதுதான் பழைய வாசிப்பின் அழகு. நாற்சோடிக்கு எழுதிய விரல்வரைபடத்தை அதில் வைத்துப் பழகினால் அந்த அழகு முழுவதும் போய்விடும்.

சுரம் பிசகினால் காதைக் குறை சொல்லும் முன் கருவியைப் பாருங்கள். புசூக்கியின் குதிரை (தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) ஒட்டப்படாதது. தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்பதால், தந்தி மாற்றும்போது எளிதில் நகர்ந்துவிடும். 12ஆம் மெட்டை அழுத்தி வரும் ஒலியும், அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் மெட்டில் தேவைக்கு மேல் அழுத்தினாலும் ஈ ஃபிளாட் உயர்ந்து, ஹிட்சாஸின் உயிரான அந்த இறக்கம் கெட்டுவிடும். பாடகரும் வயலினும் இந்தச் சுரத்தைச் சற்று வேறு இடத்தில் வைப்பதைக் கேட்டு, தந்தியை இழுத்து அதை எட்ட முயல வேண்டாம். அசையாத மெட்டுகள் கொண்ட கருவி தன் இடத்தில் நிற்க, குரல் அதைச் சுற்றி நகர்வதும் இவ்விசையின் சுவைகளில் ஒன்று.

இறுதியாக, பத்து வழிகளை ஒரே மாதத்தில் பழகும் ஆசை. ஹிட்சாஸ்கியார் என்னும் இன்னொரு வழியில் 10ஆம் மெட்டின் சி மறைந்து 11ஆம் மெட்டின் சி ஷார்ப் வருகிறது; அதன் சுரஸ்தானங்கள் மாயாமாளவகௌளையினுடையவை. ஒரு மெட்டுதான் வேறுபாடு என்று இரண்டையும் சேர்த்தே பழகுபவருக்கு, டிக்குக் கீழே இறங்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் சியா சி ஷார்ப்பா என்று விரல் தயங்கும். ஹிட்சாஸில் ஒரு சிறிய தக்சிமியைத் தடுமாறாமல் வாசிக்க முடிந்த பிறகு அந்த 11ஆம் மெட்டுக்குச் செல்லுங்கள்.