சாலையோரத்தில் பத்தடிப் பலாப்பழம்: கம்பி வலையும் சிமெண்டும் வைத்துக் கட்டுவது எப்படி?

சீசன் வந்துவிட்டால் பண்ருட்டிப் பக்கம் சாலையோரமெல்லாம் பலாக் கொட்டகைதான். அதே பழம், அதே கீற்றுக்கூரை, அதே பேனர். எங்கள் தோப்பு வாசலில் பத்தடி உயரப் பலாப்பழம் எழுந்த பிறகு, "பெரிய பலாப்பழம் இருக்குமே, அங்கதான்" என்று போனில் வழி சொல்லியே ஆட்கள் வருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பரில் ஜான் லாண்டி தன் வாழைப்பழக் கடைக்கு வண்டிகளை இழுக்க 1964-இல் 13 மீட்டர் நீள வாழைப்பழத்தையே கட்டினார். அது இன்றும் நிற்கிறது.

1. இடம்

பட்டா நிலத்துக்குள் மட்டும். சாலை எல்லைக்குள் ஒரு கல்கூட நடாதீர்கள். உங்கள் நிலம் என்றாலும் பஞ்சாயத்திலும் நெடுஞ்சாலை அலுவலகத்திலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். 200 மீட்டருக்கு முன்பே தெரிந்தால்தான் ஓட்டுபவருக்கு ஒன்பது நொடி கிடைக்கும். பச்சைத் தோப்புக்கு முன்னால் பச்சைப் பழம் வைத்தால் யார் கண்ணிலும் படாது. அதனால் முழுப்பழம் வேண்டாம். ஒரு பக்கம் பிளந்து மஞ்சள் சுளை தெரியட்டும். அந்தப் பக்கம், உங்கள் ஓரமாக வரும் வண்டிகளைப் பார்த்து இருக்கட்டும்.

2. அஸ்திவாரம்

2011 டிசம்பரில் தானே புயல் இந்தப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்தடிப் பழம் காற்றைப் பாய்மரம்போல வாங்கும். குழியின் அளவையும் கம்பியின் கனத்தையும் ஒரு இன்ஜினியரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். நடுக்கம்பிகள் அஸ்திவாரத்திலிருந்தே எழ வேண்டும்.

3. கூடு

நெடுக்கே 10 எம்எம் கம்பி, குறுக்கே 8 எம்எம் வளையம். மேலே வெல்ட் மெஷ் (கட்டம் கட்டமாகப் பற்றவைத்த கம்பி வலை), அதன் இருபுறமும் கோழி வலை. கட்டுக்கம்பியால் நெருக்கமாக முடியுங்கள். தட்டினால் வலை தொளதொளவென்று ஆடக்கூடாது. பின்பக்கம் ஆள் நுழையும் அளவு திறப்பு விடுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும் அவசியம்.

4. முதல் பூச்சு

பலருக்கும் வேலை சிக்குவது இங்கேதான், அதுவும் பழத்தின் அடிவயிற்றில். அங்கே கலவை தன் கனத்திலேயே பாளம் பாளமாக விழும். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த மணல் போதும். தண்ணீரைக் குறையுங்கள்: கலவையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒழுகக்கூடாது. உள்ளே ஒருவர் பலகையை வலையோடு அழுத்திப் பிடிக்க, வெளியே கொத்தனார் கரணையால் அப்பி அழுத்தட்டும். ஒரேயடியாகக் கனமாக ஏற்றாமல், வலை மறையும் அளவோடு நிறுத்தி, இறுகுவதற்குள் ஆணியால் கீறிவிடுங்கள். அந்தக் கீறலில்தான் அடுத்த பூச்சு பிடிக்கும்.

5. முள்

நிஜ அளவில் முள் வைத்தால் சாலையிலிருந்து பார்க்கும்போது பழம் வழுவழுவென்று பூசணிக்காயாகத் தெரியும். அடி அகலம் மூன்று அங்குலமாவது வேண்டும். முதல் பூச்சை நனைத்து, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி, கீழ் வரிசையிலிருந்து மேலே வாருங்கள். கீழ் முள் மேல் முள்ளைத் தாங்கும். அடிவயிற்றில் முள் நிற்க, கூடு கட்டும்போதே கட்டுக்கம்பியின் நுனிகளை வெளியே நீட்டி விட்டுவையுங்கள். பிறகு அவை முள்ளுக்குள் முழுதாக மறைந்துவிட வேண்டும். வெளியே தெரிந்தால் துருக்கறை வழியும்.

6. நனைத்தல், வண்ணம்

ஈரச்சாக்கு சுற்றி இரண்டு வாரம் காயவிடாமல் நனையுங்கள். இதில் அவசரப்பட்டால் வெடிப்பு நிச்சயம். நன்றாக உலர்ந்த பின் பிரைமர், அதன்மேல் வெளிச்சுவர் எமல்ஷன். எனாமலை நான் சிபாரிசு செய்யமாட்டேன், சிமெண்டின் மேல் சீக்கிரம் உரிந்துவிடுகிறது. முள்ளின் இடுக்கில் கரும்பச்சை, நுனியில் வெளிர் மஞ்சள். சுளைக்கு மட்டும் இரண்டு கோட் கூடுதலாகக் கொடுங்கள். பலா விற்பதே அந்த நிறத்தால்தான்.

பிறகு சேர்த்தது: ஃபைபரில் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். எடை குறைவுதான், ஆனால் ஒரே ஒரு பழத்துக்காக அச்சு செய்வது கட்டுப்படியாகாது. நான் சிமெண்ட் பக்கம்தான். இரவு விளக்கு வைப்பவர்கள், வெளிச்சம் பழத்தின் மேல் மட்டும் விழும்படி திருப்புங்கள். எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் அடிக்கக்கூடாது.