செப்புக் கம்பியும் கோழி இறகும் வச்சு ட்ரவுட்டுக்கு நிம்ஃப் கட்டலாம்

நுவரெலியா பக்கம் ட்ரவுட் மீன் புடிக்கணும்னா வெளிநாட்டு ஃப்ளை பாக்ஸ் (பூச்சி மாதிரி இறகு கட்டுன தூண்டில் முள்ளு வச்ச பெட்டி) வேணும்னு நெனச்சே நெறைய பேரு தொடங்காம விட்டுர்றாங்க, ஒன்னும் தேவையில்ல. 19ஆம் நூற்றாண்டு கடைசில வெள்ளக்கார தொரைமாரு கொண்டாந்து விட்ட மீன்தான் இது, இப்ப ஆத்துல இருக்குறது ரெயின்போ ட்ரவுட்டு. தண்ணிக்கு மேல பறக்குற பூச்சிய விட அடில கெடக்குற குஞ்சுப் பூச்சியத்தான் அது கூட திங்கும். ஓடையில ஒரு கல்ல பொரட்டிப் பாருங்க, மூணு வாலோட பழுப்பா ஒன்னு விறுவிறுன்னு ஓடும், மேஃப்ளைங்கிற ஆத்துப் பூச்சியோட குஞ்சு, அதத்தான் நிம்ஃப்னு சொல்வாங்க, அது மாதிரி ஒன்னத்தான் தூண்டில் முள்ளுல கட்டப் போறோம்.

ஃப்ராங்க் சாயர்னு இங்கிலாந்துல ஏவன் ஆத்துல காவல் பாத்தவரோட முறை இது. நூலே கெடையாது, செப்புக் கம்பிதான் நூலு, அதுவேதான் பாரமும். அவரு ஃபெசன்ட்ங்கிற கோழி இனத்துப் பறவையோட வால் இறகு வச்சாரு, நமக்கு நாட்டுக்கோழி பெட்டையோட பழுப்பு வால் இறகு போதும். கம்பிக்கு மோட்டர் ரீவைண்டிங் பண்ற கடையில பழைய காயில் துண்டு கேளுங்க, சும்மாவே குடுப்பாங்க, ஆனா 0.2 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சது வேணாம், முள்ளு முழுக்க மொத்தமாயிரும்.

14 இல்ல 16 நம்பர் முள்ளு எடுத்து அதோட எதிர்முள்ள (நுனிகிட்ட பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்குற சின்ன முள்ளு) குறட்டால அமுக்கிருங்க. கம்பிய முள்ளோட கண்ணுக்குப் (லைன் கட்டுற ஓட்டை) பின்னால தொடங்கி வளைவு வரைக்கும் நெருக்கமா சுத்தி, திரும்பி வந்து முன்பக்கம் மட்டும் இன்னும் ரெண்டு அடுக்கு போட்டு நெஞ்சு மாதிரி மேடு கட்டுங்க. கம்பிய மறுபடி வளைவுக்கு கொண்டு போய் இறகு இழை நாலு எடுத்து, நுனி 3, 4 மில்லிமீட்டர் வாலா நீட்டிக்கிட்டு இருக்குற மாதிரி கட்டுங்க. இப்பதான் முக்கியமான எடம்: மிச்ச இழையையும் கம்பியையும் ஒன்னா முறுக்கி, முறுக்குனத அப்படியே நெஞ்சு வரைக்கும் சுத்திட்டு வாங்க, தனி இழைய சுத்துனா மீன் பல்லு ஒரு தடவ பட்டாலே பிஞ்சுரும். நெஞ்சுல ரெண்டையும் பிரிச்சு, இழைய மேட்டு மேல முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு மூணு தரம் மடிச்சு ஒவ்வொரு தடவையும் கம்பியால கட்டி, கண்ணுகிட்ட முடிச்சுப் போட்டு வெட்டிருங்க. காலு வேணாம், நீந்துற குஞ்சு கால ஒட்டித்தான் வச்சிருக்கும்.

9 அடி லீடர் (லைனோட நுனில கட்டுற மெல்லிசான நரம்பு), அதோட நுனில 5எக்ஸ் டிப்பெட் (முள்ளு கட்டுற கடைசித் துண்டு, 5எக்ஸ்ங்கிறது அதோட தடிப்பு நம்பர்). ஓட்டத்துக்கு கீழ் பக்கம் நின்னு மேல் பக்கம் எறியணும், ட்ரவுட் ஓட்டத்துக்கு எதிரா மூஞ்ச வச்சு நிக்கிறதால பின்னால வர்ற ஆள அதுக்கு லேசுல தெரியாது. நிம்ஃப் தண்ணி போற வேகத்துலயே வரணும், லைன் இழுத்துச்சுன்னா மீனு திரும்பியும் பாக்காது. அதனால வர வர லைனோட தளர்வ கையில எடுத்துக்கிட்டே லைன் நுனியப் பாருங்க, நின்னாலோ ஒரு பக்கம் நழுவுனாலோ உடனே தூண்டில் கோல தூக்கிருங்க, கையில இழுக்குற வரைக்கும் காத்திருந்தா அது துப்பிரும். கண்ணுக்குத் தெரியலன்னா லீடர்ல செவப்பு கம்பளி நூல் துண்டு கட்டலாம், சில பேருக்கு அது புடிக்காது, எனக்கு ஒன்னும் இல்ல.

ஹோட்டன் சமவெளி 1988ல இருந்து தேசிய பூங்கா, அங்க கோலோட போகாதீங்க. தோட்டத்து ஓடைன்னா ஆபீஸ்ல கேட்டுட்டு எறங்குங்க. தென்மேல் பருவமழை நேரத்துல தண்ணி மண்ணா ஓடும், அப்ப இந்த சின்ன நிம்ஃப் மீனுக்குத் தெரியவே தெரியாது, தெளியிற வரைக்கும் வீட்டுல இருந்து நாலஞ்சு கட்டி வைங்க.