பக்கி கார்: ஆசையில் கோட்டை விடும் இடங்கள்

போன மார்கழியில் என் மைத்துனருடன் ஒரு பக்கி கார் (பழைய காரின் அடிப்பாகத்தில் கட்டிய சிறிய திறந்த வண்டி) பார்க்க ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். ஆரஞ்சு நிற ஃபைபர் பாடி, கதவு கிடையாது, கூரை கிடையாது, இன்ஜின் பின்னால். களத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டியதுமே மைத்துனர் முன்பணத்தைக் கையில் எடுத்துவிட்டார். “பேப்பர் எல்லாம் சுத்தமுங்க, பயமே வேண்டாமுங்க” என்றார் விற்பவர். ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மாருதி 800, மூடிய கார், வெள்ளை நிறம், ஐந்து இருக்கை, வீல்பேஸ் 2175 மில்லிமீட்டர் என்று இருந்தது. என் முன்னால் நின்றதோ இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி. டேப்பைப் பிடித்து முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை அளந்தோம். 1,900 கூட வரவில்லை. தரைத்தகட்டை நடுவில் கிட்டத்தட்ட ஓர் அடி வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

பக்கி வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். ஆர்.சி. இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள். அதில் எழுதியிருப்பதும் எதிரில் நிற்கும் இரும்பும் ஒன்றுதானா என்று பார்ப்பதில்லை. பாடி வகை, இருக்கை, எரிபொருள், சி.சி., வீல்பேஸ், எடை, நிறம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பத்து நிமிட வேலை.

1964இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் செய்த மேயர்ஸ் மாங்ஸ் என்ற வண்டிதான் இந்த ஃபைபர் பக்கிகளுக்கெல்லாம் முன்னோடி. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தரைத்தகட்டைக் குறுக்கி அதன்மேல் ஃபைபர் பாடியை உட்கார வைக்கும் முறை அவருடைய பெயரோடுதான் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைக்கூடத் தனியாகச் சோதித்து, தேறினால் பதிவு எண் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் தயாரிப்பாளர் தன் மாடலைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை அமைப்பில் சோதித்துச் சான்று பெற்ற பிறகே அந்த மாடல் பதிவுக்குப் போகும். பட்டறையில் கட்டிய ஒரு வண்டிக்காக அந்தச் செலவை யாரும் செய்வதில்லை. அதனால் ஏதோ ஒரு பழைய காரின் ஆர்.சி.யில்தான் பக்கி ஓடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிறம் மாற்றலாம், ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதே வகை இன்ஜினை அனுமதி வாங்கி மாற்றலாம். வண்டியை வெட்டிக் குறுக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதைச் சொன்னால் நம் பக்கத்தில் பலர் ஒத்துக்கொள்வதில்லை. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரிக்குக் கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியே கட்டி அனுப்புகிறார்கள், நான் ஒரு சின்னக் காருக்குக் கட்டினால் என்ன தப்பு என்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அங்கே கம்பெனி சேஸிஸை, அதாவது பாடி இல்லாத அடிச்சட்டத்தை, சேஸிஸாகவே விற்கிறது. பாடி கட்டியவர் அது விதிப்படி இருக்கிறது என்று தனியாகப் படிவம் 22-ஏ கொடுக்கிறார். அந்தப் பாடியோடுதான் வண்டி முதன்முதலாகப் பதிவாகிறது. ஒருமுறை காராகப் பதிவானதை அறுத்து வேறு உருவம் கொடுப்பது அந்தக் கணக்கில் வராது. நல்ல கைத்தொழில் இருக்கிற ஊர் என்பதாலேயே நாம் இதில் ஏமாறுகிறோம்.

அடுத்தது சேஸிஸ் எண். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செய்வதுபோல மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். எழுத்துகள் மட்டும் தெரிந்தால் போதாது, சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்குத் தேய்க்க வேண்டும். அந்த ஆரஞ்சு வண்டியில் எண்ணைச் சுற்றிச் சதுரமாக ஒரு கோடு தாளில் எழுந்து வந்தது. பெயிண்ட்டின் மேல் கட்டை விரலை ஓட்டினால் மேடு தட்டுப்பட்டது. எண் இருந்த தகட்டை மட்டும் வேறு காரிலிருந்து வெட்டி இங்கே பற்ற வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடக்கூடாது. நாளை அந்த எண் திருட்டு வண்டியினுடையது என்று தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவர்.

உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்று உண்டு. முன்சக்கரங்களைச் சுழற்றி ஓடும் காரின் இன்ஜினைப் பின்னால் வைக்கும்போது, ஸ்டியரிங் கைகளோடு சேர்த்தே அதைப் பின்னால் கொண்டுபோய், சக்கரத்தைத் திருப்பும் டை ராடுகளைச் (கம்பிகளைச்) சட்டத்தில் பூட்டிவிடுவார்கள். அந்த ராடின் பந்து மூட்டு தேய்ந்தால் பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். மெதுவாக ஓட்டும்போது தெரியாது, வேகத்தில் வண்டி சுழன்றுவிடும். ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருந்தாலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

விற்றவர் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுவது இன்னொரு பழக்கம். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றவரும் அதனால் மாட்டுவார். பாலக்காட்டிலிருந்து வாளையார் தாண்டி வரும் வண்டிக்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். மாற்றத்தைச் சொல்லாமல் எடுத்த பாலிசியில் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கேட்கப் போனால் கம்பெனி மறுக்க இடமிருக்கிறது.

விண்டேஜ் என்று பதிவு செய்யலாம் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். 2021இல் வந்த விதி 50 ஆண்டு கடந்த, அசல் உருவம் மாறாத வண்டிக்கு மட்டும்தான்.

கல்லூரி மாணவர்கள் பாஜா என்ற கரடுமுரடுப் பாதைப் போட்டிக்காகக் கட்டிய குழாய்ச் சட்ட வண்டிகளும் நம் பக்கத்தில் மலிவாகக் கைமாறுகின்றன. அவற்றுக்கு ஆர்.சி. இருந்ததே இல்லை, இனியும் கிடைக்காது. தோப்புக்குள்தானே ஓட்டப் போகிறேன் என்பார்கள். சாளையிலிருந்து (தோட்டத்து வீட்டிலிருந்து) அடுத்த தோட்டத்துக்குப் போக இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவிலுள்ள வண்டிப் பாதையில்) இறங்கித்தானே ஆக வேண்டும்? மக்கள் நடமாட உரிமையுள்ள எந்த வழியும் சட்டப்படி பொது இடம்தான். மண் பாதை என்பதால் அது மாறாது.

மைத்துனர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கம்பெனியிலேயே துணிக்கூரையோடு வந்த ஒரு பழைய ஜீப்பைப் பொள்ளாச்சியில் பார்த்து, டேப்பும் பென்சிலுமாக அவரே முதலில் குனிந்தார். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டி. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த ஆர்.சி. கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தோம். முன்னால் இருந்த இரும்புக் கம்பித் தடுப்பைக் கழற்றி, மட்கார்டுக்கு வெளியே துருத்திய டயர்களை மாற்றிப் பழைய அளவையே போட்டார்.